நட்டவள் இருக்கும் திசை

செவக்காட்டூரில் சீனிக்கிழங்கு டப்பாக்கள் நட்டவளைத் தேடி உருள ஆரம்பித்தது என்றைக்கு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு நாள் சொல்வார்கள். கிழங்கை டப்பாவில் அடைக்கிற கம்பெனிக்காரர்களைக் கேட்டால் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்பார்கள், சொல்லிக்கொண்டே காலால் ஒரு டப்பாவைத் தடுத்து நிறுத்துவார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அது கம்பெனி வந்த முதல் வருசம், கார்த்திகை மாதத்து ஒரு முற்பகல். மூடி அடிக்கிற மிஷினிலிருந்து இறங்கி, நீராவிப் பானையில் வெந்து, தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து, கிட்டங்கியில் பதினான்கு நாள் காத்திருந்து வெளியே வந்த டப்பாக்களில் ஒன்று மேசையிலிருந்து தவறி விழுந்தது. விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்காமல், சிமெண்டுத் தரையில் உருண்டு, வாசல்படி மூன்றையும் டங் டங் டங் என்று இறங்கி, கேட்டுக்கு அடியில் புகுந்து, வண்டித்தடத்தில் ஏறி, மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நிலத்துக்காரர் ராமபத்திரனை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டி, ஓடைப்பாலத்தைக் கடந்து, மிளகாய்க்குக் களை வெட்டிக்கொண்டிருந்த கோமு என்கிற கூலிக்காரியின் குதிகாலில் போய் முட்டி நின்றது.

லாரியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்த கோமு, அதை முந்தானையால் துடைத்து, சாயங்காலம் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் பதினோரு டப்பா வந்தது. வந்ததெல்லாம் அவள் நட்ட கிழங்கு என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு வாரம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு ஆச்சரியப்பட அரைநாள்தான் ஒதுக்க முடிந்தது, ஏனென்றால் அது கிழங்கு வெட்டுகிற காலம், எல்லோருக்கும் வேலை கிடந்தது.

ஏன் உருளுகிறது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளியின் கொடியை முழ நீளத்துக்கு வெட்டி, பார் என்கிற ஈரமான மண்மேட்டில் நடுத்தண்டை விரலால் அழுத்திப் புதைத்து, இரண்டு நுனியும் வெளியே தெரிய மண்ணை அணைக்கிறபோது, கொடியின் பால் நடுகிறவள் விரலில் ஒட்டும். ஒட்டினது கறுத்து, ஒரு வாரத்துக்குச் சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. கொடி அவளிடம் கறையை விட்டுவிட்டு அவளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது என்று பெண்கள் சொன்னார்கள். அப்படியானால் பச்சைக் கிழங்கு ஏன் உருளவில்லை என்று ஆண்கள் கேட்டார்கள். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்த கிழங்கு எப்படி உருளும், கம்பெனி அல்லவா அதற்கு உருண்டையாக ஒரு உடம்பு கொடுத்தது என்று பெண்கள் பதில் சொன்னார்கள். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். நிமிர்த்தி வைத்தால் டப்பா சாதுவாக நிற்கும், சாய்த்தால்தான் உருளும். மூடியைத் திறந்துவிட்டாலோ, ஆணியால் ஒரு ஓட்டை போட்டாலோ அதற்குப் பிறகு அது வெறும் தகரம். நட்டவள் உயிரோடு இல்லையென்றால் உருளாது. ஆடியில் நட்டுவிட்டுப் புரட்டாசியில் பாம்பு கடித்துச் செத்துப்போன ஒருத்தியின் டப்பாவை அவள் புருசன் வாங்கிக்கொண்டு போய் வீட்டு நடுவில் சாய்த்து வைத்துவிட்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தான், அது அசையவே இல்லை. இரண்டு பேர் நட்ட கிழங்கை ஒரே டப்பாவில் போட்டால் இரண்டு பக்கமும் இழுபட்டு நின்ற இடத்திலேயே நடுங்கும், நடுங்கி நடுங்கி மூடி தளர்ந்து பாகு ஒழுகிவிடும். அதனால் கம்பெனி வேறு வழியில்லாமல் ஒரு சட்டம் போட்டது: ஒருத்தி நட்ட கிழங்கை ஒருத்தி பேரில் தனியாக வெட்ட வேண்டும், தனியாக மூட்டை கட்ட வேண்டும், தனியாகவே டப்பாவில் அடைக்க வேண்டும். டவுன் கடைகளில் இது பிடித்துப்போய், லேபிளிலேயே 'நட்டவர்: கோமு' என்று பேரும் அச்சாகி வர ஆரம்பித்தது.

நிலத்துக்காரர்களுக்கு இதில் முகம் விழுந்துவிட்டது. நிலம் தன்னுடையது, உரம் தன்னுடையது, தண்ணீர் தன்னுடையது, டப்பா மட்டும் தன்னைக் கண்டும் காணாததுபோல் கூலிக்காரி காலுக்குப் போகிறதே என்று ராமபத்திரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே ஒரு பார் நடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுத்தண்டை மட்டும் புதைக்கத் தெரியாமல் நுனியோடு சேர்த்து முழுக் கொடியையும் குழிக்குள் அடக்கம் செய்தார். பெண்கள் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சொல்லவில்லை. நூற்றுப்பத்து நாள் கழித்து அந்தப் பாரில் சுண்டுவிரல் கனத்தில் மூன்று கிழங்கு கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் மரியாதைக்காக அதையும் ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுக்க, அவர் அதைத் தெருவில் சாய்த்துவிட்டு முன்னால் நடந்துபோனார், டப்பா நாய்க்குட்டியாகப் பின்னால் உருண்டு வந்தது. அந்த ஒரு வாரம் ஊரில் அவரைப் போல் சந்தோசமான மனுசன் கிடையாது.

மற்றபடி ஊர் அதை வீட்டுச் சாமானாக்கிக்கொண்டது. அம்மா எந்தக் காட்டில் நிற்கிறாள், எந்தப் பக்கம் தூக்குவாளியைக் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகள் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார்கள். தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் தாய் வீட்டுத் திசையில்தான் இருக்கிறாளா என்று சில புருசன்மார்கள் பார்த்தார்கள். இந்தப் புருசன்மார்களில் ஒருவன்தான் பூலித்தாயின் புருசன்.

பூலித்தாய் அடி தாங்காமல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடிப்போனவள். அவள் நட்ட கிழங்கு டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் புறப்பட்டான். ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இறங்கித் தரையில் சாய்த்துப் பார்த்து, அது உருண்ட பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, நாலாம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டப்பா இருக்கும்போது போலீஸ் எதற்கு என்று டீக்கடையில் ஆண்கள் மெச்சினார்கள். பெண்கள் அன்றைக்கு டப்பாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்த நடவில் சிலபேர் கையில் துணி சுற்றிக்கொண்டு நட்டுப் பார்த்தார்கள், டப்பா துணியைப் பொருட்படுத்தவில்லை. பூலித்தாய் மட்டும் அதற்குப் பிறகு மண்ணில் கை வைக்கவே இல்லை. கம்பெனியில் கெட்டுப்போன டப்பாவை ஆணிக்கட்டையில் குத்தி ஓட்டை போட்டுக் குழிக்குள் தள்ளுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆணிக்கட்டைக்கு எதிரே இருந்த மேசைதான் முப்பிடாதியின் இடம். முப்பிடாதி புருசன் இல்லாதவள், நாற்பத்தைந்து வயது, கம்பெனியில் தட்டுகிறவள். பதினான்கு நாள் காத்திருந்து வருகிற ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும், நுனி உருண்ட ஒரு கம்பியால் ஒரே ஒரு தட்டு. நல்ல டப்பா 'ணிங்' என்று சொல்லும், காற்றுப் புகுந்து உள்ளே புளித்தது 'தொப்' என்று சொல்லும். ணிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு, தொப் என்றால் பூலித்தாயின் ஆணிக்கு. ஒரு நாளைக்கு நாலாயிரம் டப்பா, அந்தக் காதுக்கு மேல் அப்பீல் கிடையாது.

அவளுக்கு ஒரே மகள், பிரமு, இருபது வயது. மகளைத் தன் தம்பி சொள்ளமுத்துவுக்குத்தான் கொடுப்பது என்று முப்பிடாதி என்றைக்கோ வாக்குக் கொடுத்திருந்தாள். புருசன் போன பிறகு கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவன், ரேசன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தவன் அவன். வயது முப்பத்தாறு என்பதை ஒரு குறையாக அவள் நினைக்கவில்லை. பிரமு நினைத்தாள். நினைத்ததைச் சொன்னாள். ஆனி மாதக் கடைசியில், அடுப்பு எரிந்துகொண்டிருக்க, தாயும் மகளும் அதைப் பேசினார்கள்.

"எனக்கு மாமாவ வேண்டாம்மா. வேற யாரும் வேணும்னும் நான் சொல்லல. இவிய வேண்டாம், அவ்வளவுதான்."

"இந்த வீட்டுல சோறு திங்கணும்னா அவனுக்குக் கழுத்த நீட்டு. இல்ல, வெளிய போ."

முப்பிடாதி கோபத்தில் சொன்னது அது. ஊரில் எத்தனையோ தாய்மார்கள் சொல்லுவது, யாரும் போவதில்லை. பிரமு எழுந்து ராமபத்திரன் காட்டுக்கு நடவுக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் மற்றவர்கள் எட்டுப் பார் நட்டபோது அவள் ஒருத்தியாகப் பன்னிரண்டு பார் நட்டாள், ஓடையில் இறங்கிக் கை கழுவினாள், மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். போன் அணைந்து கிடந்தது. கூடப் படித்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, போலீஸ் ஸ்டேசனில் இல்லை. எங்கே போனாள் என்று அறிந்தது உலகத்திலேயே அந்தப் பன்னிரண்டு பார் கொடி மட்டும்தான், அதுவும் வாய் திறக்க நூற்றுப்பத்து நாள் ஆகும்.

முப்பிடாதி அந்த நூற்றுப்பத்து நாளையும் கையைப் பிடித்துக்கொண்டு நடத்திப்போனாள். கம்பெனி வேலை தொடங்க இன்னும் மாதக்கணக்கு இருந்ததால் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுவாள். யாரும் கூலி தரவில்லை, கேட்கவும் இல்லை. பதினைந்தாம் நாள் களை எடுத்தாள், முப்பதாம் நாள் மண் அணைத்தாள். கொடி படர்ந்து பாரை மூடியதும் கணுவுக்குக் கணு வேர்விட்டுவிடாமல், விட்டால் சத்தெல்லாம் சிதறிக் கிழங்கு ஊறாது என்பதால், ஒவ்வொரு கொடியாகத் தூக்கி வேரை அறுத்துத் திருப்பிப் போட்டாள். தூக்கும்போது கொடி பிரிய மனமில்லாமல் பொட் பொட் என்று விடும். கூன்வண்டு வந்து கிழங்கைத் துளைத்துக் கசப்பாக்கிவிடுமோ என்று வெடித்த மண்ணையெல்லாம் விரலால் மூடினாள். புரட்டாசியில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியபோது பாருக்குப் பார் தண்ணீரை வெட்டி வெளியே விட்டாள். நட்டது அவள் இல்லையே, டப்பா குழம்பி அவளிடமே வந்துவிடாதா என்று கோமு ஒருநாள் பயமுறுத்தினாள். கொடியைத் திருப்பிப் போட்டவளுக்கு டப்பா போன சரித்திரம் இல்லை, இருந்தாலும் முப்பிடாதி இரண்டு நாள் கையை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் இறங்கிவிட்டாள்.

சொள்ளமுத்துவும் வந்தான். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினான், பன்றி வராமல் முள் அடைத்தான். மற்ற நேரமெல்லாம் வரப்பில் நின்று கிழங்கைப் பார்த்தான்.

"எக்கா, டப்பா வெளிய வரட்டும். வேன் சொல்லி வச்சிருக்கேன், நம்ம பயலுவ நாலு பேரு வாரானுவ. எங்க கெடந்தாலும் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். ரெண்டு சாத்து சாத்துனா சரியாயிருவா. தையில தாலியக் கட்டிருவோம்."

"சரி" என்றாள் முப்பிடாதி. அப்போது அவளுக்கு மகள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. எப்படிக் கிடைக்கிறாள் என்பதை அவள் யோசிக்கவில்லை என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி நடுவில் இலை மஞ்சளாகியது. ஒரு கிழங்கை எடுத்துக் குறுக்கே வெட்டிக் காற்றில் காட்டினாள். விளையாத கிழங்கென்றால் வெட்டுவாய் கறுக்கும், இது பால் காய்ந்து வெள்ளையாகவே நின்றது. கொடியை அறுத்து ஒதுக்கி, பாரைக் கொத்தி, அடிபடாமல் கையாலேயே மண்ணைத் தள்ளிக் கிழங்கை எடுத்து, தித்திப்பு இறங்குவதற்காக ஐந்து நாள் நிழலில் பரப்பி, 'பிரமு, பன்னிரண்டு பார்' என்று சீட்டு எழுதிய மூட்டைகளில் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனியில் கழுவினார்கள், சுடுநீரில் போட்டுத் தோல் நெகிழ உரித்தார்கள், துண்டு போட்டார்கள், டப்பாவில் அடுக்கிக் கொதிக்கிற பாகை ஊற்றினார்கள், ஆவி வெளியேற விட்டு மூடி அடித்தார்கள், நீராவிப் பானையில் இறக்கி வேகவைத்து, தூக்கிக் குளிர்வித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு டப்பாவாகக் கிட்டங்கியில் நிமிர்த்தி வைத்துக் கதவைப் பூட்டினார்கள். பதினான்கு நாள் ஆகாமல், தட்டிப் பார்க்காமல், ஒரு டப்பாகூட வெளியே போகாது. கம்பெனிக்காரர்கள் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தப் பதினான்கு நாளில் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு வாளியைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த முப்பிடாதியிடம், இரண்டு வருசமாக எதிரெதிரே உட்கார்ந்தும் அதிகம் பேசாத பூலித்தாய் பேசினாள்.

"மயினி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியள?"

"சொல்லு."

"அந்த டப்பா வந்து என் கால்ல முட்டுனப்போ நான் சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு மில்லுல வேல, ஒத்த ரூம்பு, நானே வாங்குன பானை. குனிஞ்சு பாத்தா லேபிள்ல என் பேரு. ஆகா, நம்ம காட்டுக் கெழங்குன்னு கையில எடுத்து முத்தம் குடுத்தேன் மயினி. எடுத்துட்டு நிமிந்தா வாசல்ல அவன் நிக்கான்."

பூலித்தாய் ஊறுகாயை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"எனக்கு டப்பா பத்தி அப்பம் தெரியாது. நட்டேன், போனேன். பிரமுவுக்குத் தெரியும்லா. நட்டா மாட்டிக்கிடுவோம்னு தெரிஞ்சும் அன்னைக்குப் போயி எதுக்குப் பன்னெண்டு பாரு நட்டா? நடாமலே பஸ் ஏறியிருக்கலாமே."

"அதத்தான் நானும் நெனைக்கேன். ஏன் நட்டா?"

"கம்பெனியில தட்டுறது யாருன்னு அவளுக்குத் தெரியும்லா."

முப்பிடாதி வாளியை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். வெளியே போ என்று தான் சொன்ன வாய்க்கு, பிடிப்பதும் விடுவதும் உன் கையில் என்று மகள் இப்படி ஒரு பதிலை மண்ணில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்ததும் அவமானமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. சொள்ளமுத்துவும் நாலு பேரும் அதில் சாய்ந்து நின்று பீடி குடித்தார்கள். சூப்பர்வைசர் ஞானதுரை அவர்களிடம், தட்டி முடிந்ததும் ஒரு டப்பா தருகிறேன், விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கிட்டங்கியைத் திறந்தார்.

பிரமுவின் டப்பாக்கள் தட்டு தட்டாக மேசைக்கு வந்தன. முப்பிடாதி முதல் டப்பாவை எடுத்தாள். தட்டவில்லை. குனிந்து சிமெண்டுத் தரையில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். டப்பா ஒரு விநாடி சும்மா கிடந்தது. அந்த ஒரு விநாடியில் அவளுக்குச் செத்துப்போனவளின் டப்பாவும், மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் புருசனும் கண்ணுக்குள் வந்து போனார்கள். பிறகு டப்பா உருண்டது. நேராக வடகிழக்கு மூலைக்கு உருண்டு, சுவரில் முட்டி, போக வழியில்லாமல் சுவரையே டொக் டொக் என்று இடித்துக்கொண்டிருந்தது. முப்பிடாதி அதை எடுத்து வந்து மறுபடி விட்டாள். மறுபடியும் வடகிழக்கு. மூன்றாவது முறையும் அதே மூலை, அதே சுவர்.

"இருக்கா" என்றாள். "ஏளா பூலித்தாய், எம் புள்ள உசுரோட இருக்கா."

"இருக்கா மயினி."

முப்பிடாதி உட்கார்ந்தாள், கம்பியை எடுத்தாள், அந்த டப்பாவின் மூடியில் ஒரு தட்டுத் தட்டினாள். டப்பா ணிங் என்றது. கோயில் மணி தோற்றது போ, அத்தனை சுத்தமான ணிங்.

"தொப்" என்றாள் முப்பிடாதி.

பூலித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு டப்பாவை வாங்கி ஆணியில் ஒரே குத்து. பாகு கசிந்தது, டப்பா குழிக்குள் விழுந்து அசையாமல் கிடந்தது. அடுத்ததும் ணிங் என்றது, தொப் என்றாள். அதற்கடுத்ததும். பன்னிரண்டு பாரையும் தூக்கித் தூக்கித் திருப்பிப் போட்ட அதே கைதான் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கொடுத்தது, ஒவ்வொன்றும் நல்ல கிழங்கு, ஒவ்வொன்றிலும் மகள் போன வழி அடைத்துக் கிடந்தது. இருநூறைத் தாண்டும்போது ஞானதுரை வந்துவிட்டார்.

"என்னம்மா இது? ஒரு லாட் முழுசுமா கெட்டுப்போகும்?"

"கூன்வண்டு விழுந்த கெழங்கு சார்."

அவர் ஒரு டப்பாவை எடுத்துக் கம்பியால் தானே தட்டினார். "நல்லாத்தானே கேக்குது?"

"உங்க காதுக்கு அப்படித்தான் சார் கேக்கும்."

ஞானதுரை கம்பியைக் கீழே வைத்தார். காரணம் இருந்தது. போன வருசம் அவள் தொப் என்று ஒதுக்கிய நாற்பது டப்பாவை, என் காதுக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்று அவர் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப, அவை ஏதோ ஒரு டவுன் கடையில் அலமாரியிலேயே ஊதி, தீபாவளி வெடியாக வெடித்து, கடைக்காரர் சட்டையெல்லாம் பாகாகி, மேலிடத்தில் அவர் எழுதிக்கொடுத்த விளக்கம் மூன்று பக்கம். இப்போது அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார். எதைப் புரிந்துகொண்டாரோ எங்களுக்குத் தெரியாது. தொப் என்றால் தொப்தான் என்று ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைசி டப்பா வந்தபோது பூலித்தாய் கையை நீட்டவில்லை.

"இத ஒண்ணு வச்சுக்கிடுங்க மயினி. அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சா யாருக்குத் தெரியும்? பின்னால எப்பமாவது நீங்க மட்டும் போயி ஒரு தடவ பாத்துட்டு வரலாம்லா."

முப்பிடாதி அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். லேபிளில் மகள் பேர் அச்சாகியிருந்தது. மடியில் சாய்ந்த டப்பா சும்மா இருக்காமல் வடகிழக்குப் பக்கமாக முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது, பிடித்த கைக்குள் அது முண்டுவது நிறைமாசத்தில் பிள்ளை முண்டுவதாகவே அவளுக்குப் பட்டது.

"வச்சிருந்தா நான் போயிருவேன்" என்றாள் கடைசியில். "இன்னைக்கு இல்லன்னாலும் என்னைக்காவது பொறுக்க மாட்டாம போயிருவேன். நான் பஸ் ஏறுனா எந் தம்பி அடுத்த பஸ்ல வருவான். வேண்டாம்."

அதைத் தானே எடுத்துப்போய், தன் கையாலேயே ஆணியில் குத்தினாள். முண்டுவது நின்றது. குத்தியதைக் குழியில் போடாமல் மூடியை அறுத்துத் திறந்து, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். கிழங்கு அப்படித் தித்தித்தது. முப்பிடாதி தின்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே பாகையும் குடித்தாள், பூலித்தாய் அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

சொள்ளமுத்து பொறுமை போய் உள்ளேயே வந்துவிட்டான். குழியில் இறங்கி ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தரையில் சாய்த்துப் பார்த்தான். முந்நூற்றுப் பதினொன்றும் தகரம்.

"எக்கா, ஒண்ணுகூடவா தேறல?"

"ஒண்ணும் தேறலப்பா."

"இம்புட்டு நாளு நான் தண்ணி பாய்ச்சினேனே!"

"ஆமா, பாய்ச்சின" என்றாள் அவள். அவன் மேல் அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. வேன்காரனுக்குக் காத்திருந்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த வைகாசியில் அவன் கழுகுமலைப் பக்கம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் முப்பிடாதிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எடுத்துக்கொள்ளாததுபோலவே எடுத்துக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு பாரில் கூன்வண்டு விழவே இல்லை என்று வெட்டின அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஓடிப்போன ஒருத்தியைத் தேடி யாராவது டப்பா கேட்டு வந்தால், அந்த லாட்டில் எப்படியோ கூன்வண்டு விழுந்திருக்கும். கம்பெனி வருசா வருசம் மருந்தை மாற்றிப் பார்த்தது.

அடுத்த ஆனியில் நடவுக்கு ஆள் எடுத்தபோது முப்பிடாதி தட்டுகிற வேலையைப் பூலித்தாய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டு வரிசையில் வந்து நின்றாள். களை எடுத்திருக்கிறாள், மண் அணைத்திருக்கிறாள், ஆனால் சீனிக்கிழங்குக் கொடியை அவள் இதுவரை நட்டதில்லை, செவக்காட்டூரில் எந்த டப்பாவும் அவள் காலில் வந்து முட்டியதில்லை. இந்த வயதில் முதுகு ஒடிய இது என்ன வேலை என்று ராமபத்திரனே கேட்டார். அவள் கொடியை முழம் போட்டு வெட்டினாள். அன்றைக்கு நாலு பார், மறுநாள் எட்டுப் பார், அந்த மாதம் முடிவதற்குள் அவள் நட்டது அறுபத்து மூன்று பார், விரல் பத்தும் கறுத்துவிட்டது.

கார்த்திகையில் அவள் நட்ட கிழங்கு வெந்து, குளிர்ந்து, பதினான்கு நாள் காத்திருந்து வெளியே வந்தது. பூலித்தாய் தட்டினாள், அத்தனையும் ணிங். அட்டைப்பெட்டிகளில் அடுக்கி லாரியில் ஏற்றுகிற அன்று, முப்பிடாதி காட்டிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்து, எந்தெந்த ஊருக்குப் பெட்டி போகிறது என்று கேட்டாள். ஞானதுரை பேப்பரைப் பார்த்து வாசித்தார். திருநெல்வேலிக்கு நூறு, நாகர்கோவிலுக்கு அறுபது, மதுரைக்கு நூற்றைம்பது, திருச்சி, தஞ்சாவூர், கடலூர், மெட்ராஸ். அவள் ஒவ்வொரு ஊர் பேருக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கடையில் யாரோ ஒருத்தி லேபிளைப் படிப்பாள், படித்ததும் டப்பாவைத் தரையில் சாய்த்து வைப்பாள், அது நட்டவள் இருக்கும் திசைக்கு உருளும், அதற்கு மேல் அவள் பாடு.

ஞானதுரை பேப்பரை மடித்தார். "என்னம்மா, சரிதானே?"

"நாரோயிலுக்கு எதுக்கு சார் அறுவது?" என்றாள் முப்பிடாதி. "அத வடக்க அனுப்புங்க."